விடைத்தாள் கைக்கு வந்த மறுநாள்

கணக்கு ஆசிரியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். ஒரு மாணவனின் மன உறுதியை ஆண்டின் தொடக்கத்தில் அளக்க முடியாது. முதல் வாரத்தில் எல்லோருமே உறுதியோடுதான் வருவார்கள். புது நோட்டு, முதல் பக்கத்தில் அழகான கையெழுத்தில் லட்சியம், விடியற்காலையில் எழுந்து படிக்க ஓர் அட்டவணை. பெரும்பாலும் ஆரம்ப சூரத்தனம்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வேகமும் வேண்டும். ஆனால் யாரிடம் உறுதி இருக்கிறது என்று தெரிய, திருத்திய விடைத்தாளைக் கொடுத்துவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும்.

தாள் கைக்கு வந்ததும் சிலர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு நாலாக மடித்துப் பைக்குள் போட்டுவிடுவார்கள். சிலர் கூட்டலில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கே தவறினோம் என்று தேடுபவர்கள் ஒன்றிரண்டு பேர்தான்.

அப்படித் தேடிய ஒரு பெண்ணை நான் மறக்கவே இல்லை. கழித்தல் குறிக்குப் பின்னால் அடைப்புக்குறி வந்தால் உள்ளே இருக்கும் குறிகள் எல்லாமே மாற வேண்டும். அவள் முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு அடுத்ததை அப்படியே விட்டுவிடுவாள். கணக்கு முழுவதும் சரியாகப் போய்க் கடைசியில் விடை தவறிவிடும். அவள் நோட்டில் தப்பான கணக்கு எதுவும் அழிக்கப்பட்டிருக்காது. அதன் கீழே அளவுகோல் வைத்து ஒரு கோடு, சறுக்கிய வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி, அதற்கும் கீழே மறுநாள் தேதி போட்டு அதே கணக்கு மறுபடியும். “சார், விடையைப் பார்த்துக்கிட்டே போட்டா எனக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கு. மூடி வச்சாத்தான் வரலைன்னு தெரியுது” என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே கண்டுபிடித்தது இது.

ஆராய்ச்சியாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் இதையே சோதித்து எழுதினார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நன்றாக எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், ஒரு முறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள்தான் முந்தினார்கள். ஆனால் நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதே வகுப்பில் ஒரு பையன் இருந்தான். இரவு வெகுநேரம் விழித்திருந்து படிப்பான். புத்தகத்தில் பக்கம் பக்கமாக மஞ்சள் பூசியிருக்கும், பூசாத வரியைத்தான் தேட வேண்டும். மதிப்பெண் மட்டும் நகராது. “எனக்கு மண்டையில ஏறாது சார்” என்று ஒருநாள் சொல்லிவிட்டான். அவனுடைய உறுதி அந்தப் பெண்ணின் உறுதிக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. உழைப்புக்குப் பலன் கண்ணில் படவே இல்லையென்றால் யாருடைய உறுதியும் ஒரு கட்டத்தில் வற்றிப்போகும். அவனைப் புத்தகத்தை மூடிவைத்துப் போடச் சொன்னேன். முதலில் ரொம்பக் கஷ்டப்பட்டான். அப்புறம் தனக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடிந்தது. மண்டையில் ஏறாது என்ற பேச்சும் நின்றுவிட்டது.

அதனால்தான் “உனக்கு மன உறுதி போதாது” என்று பெரியவர்கள் சட்டென்று சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதைக் கேட்டு எந்தப் பிள்ளைக்கும் உறுதி வந்ததாக நான் பார்க்கவில்லை. தூக்கமில்லாமலும் வயிறு நிறையாமலும் வரும் பிள்ளையிடம் அதைச் சொல்வது அநியாயமும்கூட. “நல்லாப் படிப்பேன்” என்பவனிடம் “எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து, எந்தப் பாடம்?” என்று கேட்டால் அது உதவும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் இத்தகைய திட்டமிடலைப் பற்றி 1999இல் விரிவாக எழுதினார். இன்ன வேளை வந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் சொன்னதைச் செய்துமுடிப்பது கூடுகிறது.

உறுதி என்றால் யாரிடமும் கேட்காமல் தனியாக முட்டிமோதுவது என்று நினைக்கும் மாணவர்களும் உண்டு. அவர்களுக்குக் கணித அறிஞர் ஆண்ட்ரூ வைல்ஸைப் பற்றிச் சொல்வேன். பத்து வயதில் அவர் மனதைப் பிடித்துக்கொண்டது, அதுவரை யாராலும் நிரூபிக்க முடியாமல் கிடந்த ஒரு கணிதக் கூற்று, ஃபெர்மாவின் கடைசித் தேற்றம். வளர்ந்த பிறகு ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பெரும்பாலும் வெளியே தெரியாமல் அதில் உழைத்து, 1993இல் நிரூபித்துவிட்டதாக அறிவித்தார். சில மாதங்களுக்குள் அதில் ஓர் ஓட்டை தெரிந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்த சறுக்கல் அது. தன் முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். 1994 செப்டம்பரில் அந்த ஓட்டை அடைபட்டது, 1995இல் நிரூபணம் அச்சில் வந்தது. அவ்வளவு பெரிய கணிதமேதையே தன் மாணவரிடம் உதவி கேட்டிருக்கிறார். பக்கத்து பெஞ்சில் இருப்பவனிடம் ஒரு சந்தேகம் கேட்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

இலக்கை மாற்றிக்கொள்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவம்தான் படிப்பேன் என்று திரும்பத் திரும்ப நுழைவுத்தேர்வு எழுதிப் பார்த்துவிட்டு, கடைசியில் புள்ளியியல் எடுத்தான் ஒரு மாணவன். “இத்தனை நாள் படிச்சது எல்லாம் வீண்தானே சார்?” என்று அவன் அப்பா என்னிடம் கேட்டார். நான் அப்படி நினைக்கவில்லை, அவரிடமும் அப்படியே சொன்னேன். தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு எடுத்த முடிவு அது. கல்லூரியில் முதல் பருவத் தேர்வில் ஒரு தாளில் தவறியதும், அந்தத் தாளோடு நேரே பேராசிரியரிடம் போய் நின்றிருக்கிறான். அடுத்த பருவத்தில் அதை எழுதித் தேறிவிட்டான்.