பாதரச மின்கலம் இல்லாத காலத்தில் என் லூனாசிக்ஸ் 3

படம் எடுக்கும் முன் வெளிச்சத்தை அளக்கும் கருவியான கோசன் லூனாசிக்ஸ் 3 ஒளிமானி என் கைக்கு வந்தபோது அதன் மின்கல அறை காலியாக இருந்தது. தலா 1.35 வோல்ட் தரும் இரண்டு பிஎக்ஸ் 625 பாதரச மின்கலங்களுக்காக வடிவமைக்கப்பட்ட கருவி அது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வகை மின்கலங்களின் விற்பனையைத் தடை செய்தது. நான் தேடியபோது எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே 1.5 வோல்ட் ஆல்கலைன் மின்கலங்களைப் போட்டு ஒரு ஸ்லைடு ஃபிலிம் (கழுவியதும் நேரடியாகப் படமாகவே வரும் ஃபிலிம்) சுருளை எடுத்து முடித்தேன். கழுவி வந்த ஸ்லைடுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லாமே இருண்டிருந்தன. நெகட்டிவ் ஃபிலிமாக இருந்திருந்தால் இந்தப் பிழை என் கண்ணுக்கே பட்டிருக்காது. ஸ்லைடோ அரை ஸ்டாப் பிசகையும் மறைக்காது (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது).

இந்த ஒளிமானியில் இருக்கும் காட்மியம் சல்ஃபைடு உணரியின் மின்தடை, வெளிச்சம் கூடக்கூடக் குறையும். அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தைத்தான் முள் காட்டுகிறது. மின்னழுத்தம் கூடிவிட்டால் இல்லாத வெளிச்சத்தையும் அது சேர்த்துக் காட்டும், அதை நம்பி நாம் ஃபிலிமுக்குக் குறைவான ஒளியைக் கொடுத்துவிடுவோம். ஆல்கலைன் மின்கலத்தின் மின்னழுத்தம் நாளுக்கு நாள் சரிவதால், ஒரே திருத்தத்தை வைத்துக்கொண்டு சமாளிக்கவும் வழியில்லை. சில்வர் ஆக்சைடு மின்கலமான எஸ்ஆர் 44, தீரும் தறுவாய் வரை ஏறக்குறைய 1.55 வோல்ட்டிலேயே நிற்கும் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தேன். இரண்டு மின்கலங்களுக்கும் சேர்த்து 0.4 வோல்ட்டைக் குறைக்க வேண்டியிருந்தது.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 1என்4148 சிலிக்கான் டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு மின்னணு உறுப்பு), இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் ஏறக்குறைய அந்த அளவையே குறைக்கிறது. மின்கல அறையின் நேர்முனைக் கம்பியை வெட்டி, இடையில் டயோடைச் சால்டர் செய்தேன். முதல் முறை முள் அசையவே இல்லை. டயோடின் கறுப்புக் கோடு மின்கலத்தின் பக்கம் திரும்பியிருந்தது. அதைக் கழற்றித் திருப்பி வைத்ததும், மின்கலச் சோதனைப் பொத்தானை அழுத்தியபோது முள் குறியிட்ட பகுதிக்குள் வந்து நின்றது. எஸ்ஆர் 44 குறுக்களவில் 4 மில்லிமீட்டர் சிறியது என்பதால், குழாய் வாஷரை வெட்டி வளையமாகச் சுற்றிப் பொருத்தினேன்.

சோதனைப் பொத்தானோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. நண்பரின் டிஜிட்டல் ஒளிமானியையும் வைத்துக்கொண்டு, சீராக வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரின் முன் திரைச்சீலையைச் சிறிது சிறிதாக மூடியபடியே இரண்டிலும் அளந்து பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒத்துப்போயின. மங்கிய அறையில் மட்டும் லூனாசிக்ஸ், ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டியது. வெளிச்சம் குறையும்போது மின்னோட்டமும் குறைவதால், டயோடு விழுங்கும் மின்னழுத்தமும் குறைந்துவிடுகிறது. மங்கிய இடத்தில் ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கு ஒளியைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று எழுதி ஒளிமானியின் முதுகில் ஒட்டிவிட்டேன். வெயிலில் அளந்த கையோடு மங்கிய அறைக்குள் நுழைந்தால் உணரி முந்தைய வெளிச்சத்தின் தாக்கத்திலேயே சிறிது நேரம் இருக்கும். அதனால் அங்கே சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே அளக்கிறேன்.