அனுமதி வந்தாச்சு, கம்பியை எடை போட்டீங்களா?
சென்னையில் 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் முதல் மாடியும் மட்டும் என்றால் 2024 ஜூலையிலிருந்து கட்டட அனுமதிக்குச் சுயசான்று (பிளான் விதிப்படி இருக்கிறது என்று நாமே உறுதி தருவது) போதும். ஆன்லைனில் அனுமதி கிடைத்துவிடும். நல்ல மாற்றம்தான். ஆனால் அது பிளானுக்கான அனுமதி. லாரியில் வந்து இறங்கும் சரக்கை யாரும் பார்ப்பதில்லை.

கம்பியில் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தாலும் எடை போடுங்கள். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் முழுக்கம்பி 10.66 கிலோ. பத்துக் கம்பியின் சராசரி 10.1 கிலோவுக்குக் கீழே போனால் (கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1786 இந்த அளவுக்கு விடும் சலுகை 5 சதவீதம்தான்) திருப்பி அனுப்புங்கள்.

'எடைக்குத்தானே சார் காசு?' என்பார் கடைக்காரர். ஆனால் தூணுக்கு எட்டுக் கம்பி என்று எண்ணித்தான் கட்டுகிறார்கள், எடை பார்த்து அல்ல. கம்பி மெலிந்தால் தூணில் இரும்பு குறையும்.