கதிரியக்க விபத்துக்கு எமது வைத்தியசாலைகள் ஆயத்தமா?

ஒரே நேரத்தில் காயக்காரர் வந்து குவிந்தால் யாரை முதலில் பார்ப்பது என்பதை வன்னியின் மூத்த தாதியருக்குக் கற்பிக்கத் தேவையில்லை. 2009 அவர்களுக்கு அதைக் கற்பித்துவிட்டது. ஆனால் காயத்தோடு கதிரியக்கத் தூசியும் ஒட்டிக்கொண்டு வருபவரை ஏற்பது எப்படி என்பது அவர்களுக்கும் புதிது.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கூடங்குளம் இருப்பதால் பேச்சு எப்போதும் அணு உலையிலேயே நின்றுவிடுகிறது. எனக்கோ பிரேசிலின் கொயானியா நகரமே நினைவுக்கு வருகிறது. அங்கே 1987இல், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையமொன்றிலிருந்து பழைய இரும்புக்காகக் கழற்றப்பட்ட கருவிக்குள் இருந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் வீடு வீடாகப் பரவி நால்வரைக் கொன்றது. போருக்குப் பின் பழைய இரும்பு வியாபாரம் வன்னியில் எவ்வளவு பெருகியது என்பதை அறிந்தவர்கள் இதைத் தொலைதூரக் கதையாகக் கொள்ளமாட்டார்கள். அந்நகரில் ஏறத்தாழ 112,000 பேர் பரிசோதிக்கப்பட்டனர். மாசு காணப்பட்டவர்களோ 249 பேர்தான். அச்சத்தால் வரும் கூட்டத்தை வாசலிலேயே மறித்து, பாடசாலை மைதானம் போன்ற வேறோரிடத்தில் சோதிக்க ஏற்பாடு இல்லையெனில், உண்மையான நோயாளி உள்ளே வரவே வழியிராது.

பயிற்சியில் முதலில் நீக்கவேண்டியது ஊழியரின் பயத்தை. வெளியிலிருந்து கதிர்வீச்சுப் பட்டவர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவரைப் போன்றவர். அவரிடமிருந்து எதுவும் தொற்றாது. உடலில் தூசி படிந்தவருக்கும் மூச்சு, குருதிப்பெருக்கு ஆகியவற்றைக் கவனித்த பின்னரே கழுவல். மேலாடைகளை மெதுவாகச் சுருட்டிக் கழற்றிப் பையில் கட்டினாலே மாசின் பெரும்பகுதி போய்விடும். மிகுதிக்கு இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போதும், தோல் உரியத் தேய்க்கக் கூடாது.

விலையுயர்ந்த கருவி இல்லாத ஆதார வைத்தியசாலையிலும் செய்யக்கூடியது நிறைய உண்டு. வாந்தி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எழுதிவைப்பதும், குருதியில் நிணநீர்க்கலங்கள் எனும் ஒருவகை வெண்கலங்களின் எண்ணிக்கையைச் சில மணி நேரத்துக்கொருமுறை பார்ப்பதும், யாரை மேல் சிகிச்சைக்கு உடனே அனுப்பவேண்டும் என்பதைப் பெருமளவு காட்டிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கினால் பட்ட கதிர்வீச்சின் அளவு பெரிதாக இருக்கக்கூடும், ஆயினும் பயமும் வாந்தியை வரவழைக்கும் என்பதால் அதை மட்டும் நம்பமுடியாது. அயடின் மாத்திரை எல்லாவற்றுக்கும் மருந்து என்ற எண்ணம் படித்தவர்களிடமும் உண்டு. அது கதிரியக்க அயடினிடமிருந்து தைரொயிட்டை மட்டுமே காக்கும். சீசியத்துக்குரியது பிரஷ்யன் புளூ என்ற வேறொரு மருந்து.

இத்தகைய பயிற்சிகளுக்கு வைத்தியர்களை மட்டும் அழைப்பது எனக்கு உடன்பாடில்லை. நோயாளியை முதலில் தொடுபவர்கள் அம்புலன்ஸ் சாரதியும் சிற்றூழியருமே. கர்ப்பிணி ஊழியரை அந்த வேலைக்கு விடாதபடி கடமைப் பட்டியலை முன்கூட்டியே வகுப்பதும், கழற்றிய உடைகளை எங்கே பூட்டிவைப்பது என்று முடிவுசெய்வதும் அவர்களோடு இருந்து பேசவேண்டியவை.