சிங்கப்பூர் நாட்குறிப்பு: இந்திய சிம்மும் இந்திய ஓட்டும்

ஜனவரி 4, 2026, ஞாயிறு

இந்தியத் தொலைத்தொடர்புத் துறை நவம்பர் 28 அன்று போட்ட உத்தரவுக்கு 90 நாள் கெடு. பிப்ரவரி கடைசியில் அது முடிகிறது. வாட்ஸப், டெலிகிராம், சிக்னல் மாதிரியான செயலிகள் எந்த எண்ணில் பதிவாகியிருக்கின்றனவோ, அந்த சிம் போனுக்குள் இருந்தால்தான் இனி ஓட வேண்டும். கணினியில் திறந்து வைத்த வாட்ஸப் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது தானே வெளியேறி, மறுபடி கியூஆர் கோடு கேட்க வேண்டும்.

இதுவரை பதிவு செய்யும் அன்றைக்கு மட்டும் சிம் இருந்தால் போதும். அதனால்தான் இங்கே வேலைக்கு வந்தவர்களில் பலர் இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்துவிட்டு, பழைய எண்ணிலேயே ஊரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க மூன்று மாதம் வந்து தங்கும் அம்மாக்களும் அப்படித்தான். ஒரே சிம் போடக்கூடிய போன் வைத்திருக்கும் விடுதித் தொழிலாளிக்கு இந்த உத்தரவு நடைமுறைக்கு வந்தால் பழைய எண்ணிலேயே தொடர வழியே கிடையாது.

வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்திய எண்ணில் மோசடி செய்கிறார்கள் என்பது அரசு சொல்லும் காரணம். மோசடி உண்மை; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அடுத்தவர் பேரில் நூறு சிம் வாங்கத் தெரிந்த கும்பலுக்கு அதைப் போனுக்குள்ளேயே வைத்திருப்பது பெரிய வேலையா? அடி விழுவது சிம்மைக் கழற்றி வைத்த சாதாரண ஆளுக்குத்தான். இதே சமயத்தில் எல்லாப் புது போனிலும் சஞ்சார் சாத்தி என்ற அரசுச் செயலியை முன்கூட்டியே போட்டுத் தர வேண்டும் என்று ஒரு உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று கட்டாயம் இல்லை என்று அரசு பின்வாங்கியது. மக்களிடம் கருத்துக் கேட்காமல் போடும் உத்தரவுகளுக்கு இதுதான் கதி.

வாட்ஸப்பை சிங்கப்பூர் எண்ணுக்கு மாற்ற நினைப்பவர்கள் கெடு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அமைப்புகளில் கணக்கு, அதற்குள் எண் மாற்றம். அரட்டைகளும் குழுக்களும் அப்படியே வந்துவிடும். செயலியை நீக்கிவிட்டுப் புது எண்ணில் புதிதாகப் பதிவு செய்தால் வராது. குழுக்களில் ஒவ்வொன்றாக மறுபடி சேர வேண்டியிருக்கும். பலர் சறுக்குவது இங்கேதான்.

ஜனவரி 6, செவ்வாய்

அப்படியானால் இந்திய எண்ணே வேண்டாமா? வேண்டும். வங்கி, ஆதார், வருமான வரிக் கணக்கு எல்லாம் அதன் தலையில்தான் ஏறி நிற்கின்றன.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ப்ரீபெய்டு எண்ணைப் பயன்படுத்தாமல் விட்டால் 90 நாள் வரை நிறுவனம் அதை முடக்கக் கூடாது. கணக்கில் 20 ரூபாய் இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும். பணம் தீர்ந்து முடங்கினாலும் மீட்டெடுக்க 15 நாள் அவகாசம் உண்டு. இதைக் கேட்டுவிட்டு 20 ரூபாய் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். எண் உயிரோடு இருப்பது வேறு, அதில் ஓடிபி வந்து சேர்வது வேறு. ரீசார்ஜ் பேக்கின் காலம் முடிந்தால் சில நாட்களிலேயே உள்வரும் சேவையும் நின்றுபோகும்.

2024 டிசம்பரில் டிராய் திருத்திய விதி இந்த விஷயத்தில் நல்ல காரியம். டேட்டா இல்லாமல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்கை நிறுவனங்கள் கட்டாயம் தர வேண்டும், அதன் காலம் 365 நாள் வரை இருக்கலாம் என்றது. வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்த ஒரு வருடப் பேக்தான் சரி. இங்கே யாரும் இந்திய டேட்டாவைத் தொடப்போவதில்லை.

சர்வதேச ரோமிங்கை விமானம் ஏறும் முன்பே இயக்கிவிடுங்கள். இங்கே வந்து இயக்கப் போனால் உறுதி செய்யும் ஓடிபி அதே எண்ணுக்குத்தான் போகும். போனில் அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். எஸ்எம்எஸ் வரவில்லை என்றால், தானாக நெட்வொர்க் தேர்வு செய்வதை நிறுத்திவிட்டு, வேறு உள்ளூர் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் 2ஜி 2017-இலேயே போய்விட்டது, 3ஜி 2024-இன் கடைசியில் போனது. 4ஜி வழியாகக் குரல் அழைப்பை ரோமிங்கில் தாங்காத பழைய போனிலோ சிம்மிலோ அழைப்பு வராது. வங்கியிலிருந்து கூப்பிட்டு உறுதி செய்யும் வேலைகள் இதனால்தான் நின்றுபோகின்றன.

இன்னொன்று, சிம் மாற்றினாலோ, போனுக்குள்ளேயே பதியும் இசிம்முக்கு மாறினாலோ 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும். மோசடியைத் தடுக்க வந்த நல்ல விதி. ஆனால் விடுமுறை முடிந்து கிளம்பும் அன்றைக்குக் கடைக்குப் போய் சிம் மாற்றுபவருக்கு அதுவே வில்லங்கம். ஊரில் இறங்கிய மறுநாளே அந்த வேலையை முடித்துவிட வேண்டும். போன் உடைந்தால் சாதா சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போடலாம், இசிம்மை அப்படிச் செய்ய முடியாது. வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்திய எண் சாதா சிம்மில் இருப்பதே நல்லது என்பேன்.

எண்ணைக் கைவிடுவதாக இருந்தால் முதலில் வங்கியிலும் ஆதாரிலும் மாற்றிவிட்டுக் கைவிடுங்கள். முடங்கிய எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். அதன்பின் உங்கள் ஓடிபி அவர் கைக்குப் போகும்.

ஜனவரி 9, வெள்ளி

எஸ்எம்எஸ் ஓடிபி ஒழிய வேண்டும். சிங்கப்பூர் அடிபட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தது. 2021 டிசம்பரில் ஒரு உள்ளூர் வங்கியின் பேரில் வந்த போலி எஸ்எம்எஸ்களால் ஏறக்குறைய 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். போலிச் செய்தி, உண்மையான வங்கிச் செய்திகள் இருந்த அதே வரிசையிலேயே போய் உட்கார்ந்துகொண்டதுதான் வினை. அதன்பிறகு வங்கிகள் எஸ்எம்எஸ்ஸில் இணைப்பு அனுப்புவதை நிறுத்தின. புது போனில் டிஜிட்டல் டோக்கன், அதாவது வங்கிச் செயலிக்குள்ளேயே உறுதி செய்யும் வசதி, இயங்குவதற்குக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருப்பு வந்தது. 2023 ஜனவரி 31 முதல் பதிவு செய்யாத பெயரில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு மேலே மோசடியாக இருக்கலாம் என்ற முத்திரை விழுகிறது. 2024 ஜூலையில், டோக்கன் வைத்திருப்பவர்கள் கணக்குக்குள் நுழைய ஓடிபி கேட்பதையே படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். டோக்கன் செயலிக்குள் இருக்கிறது. அதற்கு எந்த நாட்டு சிம்மும் தேவையில்லை.

ரிசர்வ் வங்கியும் இதற்குக் கதவைத் திறந்துவிட்டது. 2025 செப்டம்பர் 25-இல் வந்த வழிகாட்டல் வரும் ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இரண்டு அடுக்கு உறுதிப்பாடு கட்டாயம், ஆனால் அது எஸ்எம்எஸ்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. செயலி டோக்கன், கைரேகை எதுவும் ஆகும். இனி இந்திய வங்கிகள் விதியைக் காட்டித் தப்பிக்க முடியாது. உங்கள் கிளைக்கு எழுதும்போது இந்த வழிகாட்டலைச் சுட்டிக்காட்டியே கேளுங்கள்.

யுபிஐ விஷயத்தில் விதி முன்னே போய்விட்டது, வங்கிகள் பின்னே நிற்கின்றன. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை வெளிநாட்டு எண்ணோடு யுபிஐயில் சேர்க்கலாம் என்று 2023 ஜனவரியிலேயே யுபிஐயை நடத்தும் என்பிசிஐ சொல்லிவிட்டது. முதல் பத்து நாடுகளில் சிங்கப்பூரும் உண்டு. அதைச் செய்து தராத வங்கி இன்னும் இருக்கிறது. இந்திய எண்ணிலேயே யுபிஐ போட்டால், செயலி உங்கள் சிம்மிலிருந்து சத்தமில்லாமல் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கும். ரோமிங்கில் அதற்குக் கட்டணம் உண்டு. கணக்கில் பணம் இல்லாவிட்டால் அந்த எஸ்எம்எஸ் போகாது. செயலி சரிபார்ப்புத் தோல்வி என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. இரண்டு சிம் போனில் சிங்கப்பூர் சிம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டாலும் இதே கதைதான்.

ஜனவரி 11, ஞாயிறு

தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம். டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. முறையீட்டுக்குக் கடைசி நாள் ஜனவரி 18.

இங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் ஊரில் சாதாரண வாக்காளராகவே பதிவாகியிருந்தவர்கள். சட்டப்படி அந்தப் பதிவு அங்கே வழக்கமாகக் குடியிருப்பவருக்கானது. பெயர் போய்விட்டது என்று அவசரத்தில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ நிரப்பி, ஊரில்தான் குடியிருக்கிறேன் என்று கையெழுத்துப் போடாதீர்கள். பொய் உறுதிமொழிக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-இன் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகனுக்கு உரியது படிவம் 6ஏ. அதே சட்டத்தின் 20ஏ பிரிவு 2011 பிப்ரவரி முதல் அந்த உரிமையைத் தருகிறது.

பெயர் சேருவது பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரிக்குரிய வாக்காளர் பட்டியல் பாகத்தில். பாஸ்போர்ட்டில் பட்டுக்கோட்டை வீடு இருந்து, குடும்பம் இப்போது தாம்பரத்துக்குப் போயிருந்தாலும் பட்டுக்கோட்டைதான். அலுவலர் அந்த வீட்டுக்குப் போய் விசாரிப்பார். அங்கே விவரம் சொல்ல ஆள் இல்லாவிட்டால், ஆவணங்களைச் சரிபார்க்க இங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கு அனுப்புவார்கள். புகைப்படமும், பாஸ்போர்ட்டின் விவரப் பக்கங்களும், செல்லுபடியாகும் விசா உள்ள பக்கமும் கேட்கிறார்கள். சிக்கல் அந்தக் கடைசிப் பக்கத்தில். சிங்கப்பூர் வேலை அனுமதி அட்டையாகத் தருவது, பாஸ்போர்ட்டில் ஒட்டுவது அல்ல. அட்டையின் இரு பக்கமும் தெளிவாக எடுத்து இணைத்து, பாஸ்போர்ட்டில் விசா ஒட்டும் வழக்கம் இங்கே இல்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்கள்.

6ஏ-இல் சேர்ந்தவருக்கு வாக்காளர் அட்டை கிடையாது. வாக்குச்சாவடிக்கு அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் போக வேண்டும்.

ஜனவரி 13, செவ்வாய்

சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்ற முறையான பேநவ்வை யுபிஐயோடு சேர்க்கும் இணைப்பு 2023 பிப்ரவரி 21-இல் தொடங்கியது. இங்கிருந்து நாளுக்கு 1,000 சிங்கப்பூர் டாலர் வரை அனுப்பலாம். பொங்கல் செலவுக்கு வீட்டுக்கு அனுப்ப இது போதும், வேகமும் உண்டு. பெரிய தொகை என்றால் அன்றைய மாற்று விகிதத்தையும் கட்டணத்தையும் சேர்த்து, ஊரில் கையில் விழும் ரூபாயை மட்டும் ஒப்பிடுங்கள். கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்பவர்கள் விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

ஜனவரி 17, சனி

2024 மக்களவைத் தேர்தலில் வெளிநாட்டு வாக்காளராகப் பதிவானவர்கள் 1,19,374 பேர். வாக்களித்தவர்கள் 2,958. அதில் 2,670 பேர் கேரளம். மீதி இந்தியா முழுவதற்கும் சேர்த்து 288 பேர். இதைப் பார்த்துவிட்டு வெளிநாட்டில் இருப்பவனுக்கு அக்கறை இல்லை என்று சொல்வது அநியாயம். ஒரு ஓட்டுக்கு விமானச் சீட்டும் விடுப்பும் வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. கட்டுமானத் தொழிலாளிக்கு அது ஒரு மாதச் சம்பளத்தைத் தொடும் செலவு.

பதிலாள் மூலம் வாக்களிக்கும் மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமலே 2019-இல் காலாவதியானது. பதிலாள் முறை எனக்கு உடன்பாடில்லை. குடும்பத் தலைவரோ ஏஜெண்டோ பத்துப் பேர் ஓட்டைப் போடுவதற்கு அது வழி. 2020-இல் தேர்தல் ஆணையம் சொன்ன யோசனைதான் சரி: வாக்குச்சீட்டை மின்வழியில் அனுப்பி, தபாலில் திரும்பப் பெறுவது. ராணுவத்தினர் ஏற்கெனவே அப்படித்தான் வாக்களிக்கிறார்கள்.

சிங்கப்பூர் தன் வெளிநாட்டுக் குடிமக்களுக்கு 2023 அதிபர் தேர்தலில் இதையே செய்துகாட்டியது. சீட்டையும் உறையையும் தரவிறக்கி அச்சிட்டு, குறித்து, தேர்தல் நாளுக்கு முன் தபால் முத்திரை விழும்படி அனுப்ப வேண்டும். தேர்தல் முடிந்து பத்து நாளுக்குள் வந்து சேர்ந்தால் எண்ணுவார்கள். இந்திய எண்ணிக்கை பெரியது, உண்மைதான். ஆனால் பதிவானவர்கள் ஒன்றேகால் லட்சம்கூட இல்லை. இதை ஒரு சோதனையாகத் தொடங்க இதைவிடச் சிறிய கூட்டம் கிடைக்காது.

வரும் சட்டமன்றத் தேர்தலுக்குள் இது நடக்காது. ஏப்ரல், மே மாதங்களில் ஊருக்குப் போகும் திட்டம் இருப்பவர்கள் நாளைக்குள் 6ஏ போட்டுவிடுங்கள். தவறினாலும், அதன்பிறகு நடந்துகொண்டே இருக்கும் தொடர் திருத்தத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் வேட்புமனுவின் கடைசி நாள் தாண்டினால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேராது. விசாரணைக்கும் ஆட்சேபத்துக்கும் நாள் பிடிக்கும் என்பதால் பிப்ரவரியைத் தாண்ட விடாதீர்கள்.