நயினார்குளத்தில் ஒரு கடல் ஆலா

திருநெல்வேலி நயினார்குளத்து ஆலாக்களை (ஆங்கிலத்தில் டெர்ன்) மாதக்கணக்கில் எண்ணிச் சலித்தவர்களுக்குத்தான் புதுப் பறவை கண்ணில் படும். ஐப்பசியிலிருந்து சித்திரை வரை குளத்து நீரை ஒட்டித் தாழப் பறந்து பூச்சியும் மீன்குஞ்சும் கொத்துகிறவை பெரும்பாலும் மீசை ஆலாக்கள். கோடை முற்றினால் பெரும்பாலானவை வடக்கே போய்விடும். ஆனி, ஆடிக் காற்றில் கறுத்த முதுகோடு ஒற்றை ஆலா தெரிந்தால் நின்று பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் நாட்களில், நடுக்கடலிலேயே காலம் கழிக்கும் சூட்டி டெர்ன் போன்றவை நிலத்துக்குள் ஒதுங்குவது உண்டு.

ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் கண்ணைத்தான். சித்திரையில் மீசை ஆலாவுக்குக் கல்யாணக் கோலம்: உச்சி கறுப்பு, கன்னம் வெள்ளை, வயிறு கரிச் சாம்பல். 'கறுப்பு ஆலா' என்று பரபரப்பாகப் படம் வருவது அப்போதுதான். கறுப்பு மேலேயா கீழேயா என்று கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும். சூட்டி டெர்னுக்கு முதுகு கறுப்பு, வயிறு தூய வெள்ளை. ஆளும் பெரிது, 33 முதல் 36 செ.மீ. நெற்றி வெள்ளை கண்ணோடு நின்றுவிடும். கண்ணைத் தாண்டிப் பின்னால் புருவம்போல நீண்டு, முதுகும் சாம்பல் கலந்த பழுப்பாக இருந்தால் அது பிரைடில்டு டெர்ன் என்ற இன்னொரு கடல் ஆலா. இளம் சூட்டி இன்னும் ஏமாற்றும்: உடம்பெல்லாம் கரும்பழுப்பு, முதுகில் வெள்ளைப் புள்ளிகள்.

தாமிரபரணி ஆற்றில் தேடுவதானால் சுலோச்சனா முதலியார் பாலத்தைவிடக் குறுக்குத்துறைப் படித்துறை நல்லது. பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் முக்காலியில் வைத்த தொலைநோக்கி நடுங்கும். 8×42 பைனாகுலர் போதும். கேமராவில் ஷட்டர் வேகம் 1/2000. வெளுத்த வானத்தில் பறந்தால் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) கூட்டுங்கள், இல்லையென்றால் எந்த ஆலாவும் கறுப்பாகத்தான் விழும். நெற்றி, முதுகு, வயிறு, வால் நான்கும் படத்தில் இருக்கட்டும். தேதி, மணி, இடத்தை அங்கேயே எழுதிவிடுங்கள். காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையம் இருந்தால் எண் முக்கியம்.

பறவை தரையில் கிடந்தால் கேமராவை உள்ளே வையுங்கள். அது பட்டினியும் களைப்புமாக விழுந்த நோயாளி. கையுறையும் முகக்கவசமும் போட்டு, துண்டால் மூடிச் சிறகை மடக்கி எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைக்க வேண்டும். இங்க் பில்லரில் தண்ணீர் புகட்டினால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். கடல் பறவைதானே என்று வாளித் தண்ணீரில் விடுவது அதைவிடக் கொடுமை: சூட்டி டெர்ன் நீரில் உட்காருவதே அரிது, இறகு சீக்கிரம் ஊறி உடம்பு குளிர்ந்துவிடும். வாத்துப் பருமனில் பூபி என்ற கடல் பறவை கிடைத்தால் கொத்துக்குப் பயந்து அலகை ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள். அதற்கு வெளியே திறந்த மூக்குத்துளை கிடையாது, வாயோரமாகத்தான் மூச்சு விடும்.

பெட்டியை வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். தேற்றுகிறேன் என்று வீட்டில் வைத்துக்கொள்வது சட்டப்படியும் தவறு. குளத்திலேயே விட்டால் என்ன என்று யாராவது கேட்பார்கள். தேறிய பறவைக்கு வேண்டியது கடற்கரை. அங்கேயும் காற்று எதிரே வருகிற பக்கமாக முகம் திருப்பி விட்டால்தான் எழும்பும்.