பட்டா யார் பெயரில்?

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் காலைக் காப்பியின்போது அப்பாவின் கைபேசியில் 2,000 ரூபாய் வரவான குறுஞ்செய்தி வந்தது. விவசாயிகளுக்கு ஒன்றிய அரசு பணம் தரும் பிஎம் கிசான் திட்டத்தின் தவணை அது. ஆண்டுக்கு மூன்று தவணைகளாக 6,000 ரூபாய் வருகிறது. திருவண்ணாமலைப் பக்கம் எங்களுக்குள்ள இரண்டு ஏக்கரில் அப்பா கடைசியாகக் கால் வைத்தது சென்ற பொங்கலுக்கு. அங்கே மணிலா (நிலக்கடலை) போடுபவர் வாய்வழிக் குத்தகைக்காரர்.

2019 பிப்ரவரியில் தொடங்கியபோது இரண்டு ஹெக்டேர் வரை நிலமுள்ளோருக்கு மட்டுமே என்றிருந்த திட்டம், அதே ஆண்டிலேயே நிலமுள்ள எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோருக்கும், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறும் பெரும்பாலோருக்கும் விலக்கு உண்டு. ஆனால் அளவுகோல் பட்டாதான். ஏர் பிடிப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. விவசாயிகளுக்கு உதவித்தொகை தந்த ஒடிசாவின் காலியா திட்டமும் ஆந்திரத்தின் ரைத்து பரோசாவும் குத்தகைதாரர்களில் ஒரு பகுதியினரையேனும் கணக்கில் எடுத்தன.

குத்தகையை எழுதிக் கொடுக்கலாமே என்று அப்பாவிடம் கேட்டேன். குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற விடாத 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவரை அஞ்ச வைக்கிறது. பாதுகாக்க வந்த சட்டமே தாளில் எழுதும் கையைத் தடுப்பது விசித்திரந்தான். யூரியா மானியமாவது, 45 கிலோ மூட்டை 266 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும்போது, உழுபவரைச் சேருகிறது.

இந்த ஆண்டுக் குத்தகையில் 6,000 ரூபாயைக் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.