மூக்கியின் கழுத்தாட்டம்

தை மாதத்தில் முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எது என்று நாள்காட்டியைப் புரட்டுவதில்தான் எங்கள் புறாச் சங்கத்தின் கண்காட்சி வேலை ஒவ்வோர் ஆண்டும் தொடங்கும். முகூர்த்த நாளென்றால் பாளையங்கோட்டையில் எங்கள் கைக்கு எட்டும் வாடகையில் ஒரு மண்டபமும் கிடைக்காது. மாசியும் கடந்து பங்குனி வெயில் ஏறிவிட்டாலோ, தென்காசியிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் அட்டைப் பெட்டிக்குள் பேருந்தில் வரும் பறவைகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கியபடிதான் வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அதற்கு முன்பு வைக்கலாமென்றால் அது இறகு உதிரும் காலம். புறாவின் ஒவ்வொரு சிறகிலும் உள்ள பத்து முதன்மை இறகுகள் உட்புறத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக உதிர்ந்து, புதிதாக முளைத்து, வெளிக்கோடி இறகு வரை மாறி முடிய ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அது முடியாத பறவையைக் கூண்டில் நிறுத்துவது பாதி நெய்த சேலையைக் கடையில் விரிப்பதற்குச் சமம்.

திருநெல்வேலிச் சீமையில் புறா வளர்ப்பவர் என்றால் கர்ணமடிக்கும் புறாவையோ, தொலைதூரப் பந்தயத்துக்கு விடும் ஹோமரையோ வைத்திருப்பவர் என்றுதான் பெரும்பாலோர் நினைப்பார்கள். நாங்கள் வளர்ப்பவை ஃபேன்ஸி புறாக்கள். வடிவத்துக்காகவும் நிற்கும் நிலைக்காகவும் இறகின் ஒழுங்குக்காகவும் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. சாதாரணப் புறாவுக்கு வாலில் பன்னிரண்டு இறகுகள். ஃபேன்டெயிலுக்கு முப்பதுக்கும் மேல். ஜாக்கோபினின் தலையைச் சுற்றி இறகுகள் முக்காடு போல எழுந்து நிற்கும். பவுட்டர் தன் கழுத்தடித் தீனிப்பையைக் காற்றால் நிரப்பிப் பந்து போல ஊதிக்கொள்ளும். இவை எல்லாம் பாறை இடுக்குகளில் கூடு கட்டும் ஒரே மாடப்புறாவின் வழிவந்தவை என்பதுதான் சார்லஸ் டார்வினை இந்தப் பக்கம் இழுத்தது. அவர் 1855-இல் புறா வளர்க்கத் தொடங்கி, லண்டனில் இரண்டு புறாச் சங்கங்களில் உறுப்பினராகவும் சேர்ந்தார். எங்கள் சங்கத்திலோ ஆட்டோ ஓட்டுநரும், தையல்காரரும், மேலப்பாளையத்தில் தறி ஓட்டியவரும், வங்கியில் ஓய்வு பெற்றவரும் ஒரே பாயில் அமர்ந்து ஒரு குஞ்சின் கண் நிறத்தைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசுவார்கள். ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பாயின் ஓரத்தில் செயலாளர் என்ற பெயரில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பவன் நான்.

சங்கத்தின் உயிர் அந்த நோட்டில்தான் இருக்கிறது. அதில் எழுதப்படுபவை வளைய எண்கள். குஞ்சு பொரித்து ஏழிலிருந்து பத்து நாளுக்குள், கால் இன்னும் மெலிந்திருக்கும்போது, முன்விரல்கள் மூன்றையும் சேர்த்துப் பிடித்து, ஆண்டும் எண்ணும் பொறித்த இணைப்பில்லாத உலோக வளையத்தை அவற்றின் மேல் நுழைத்துக் காலோடு ஏற்றி, வளையத்துக்குள் மாட்டிக்கொண்ட பின்விரலை நகத்தைப் பிடித்து மெல்ல வெளியே எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் முந்திப் போட்டால் வளையம் கழன்று கூட்டில் கிடக்கும், பிந்தினால் ஏறாது. பாதம் வளர்ந்துவிட்ட பிறகு அதைக் கழற்ற முடியாது என்பதால், இளம்பறவைப் பிரிவில் வயது முதிர்ந்ததைக் கொண்டுவந்து நிறுத்தவும் முடியாது. வயதைப் பற்றிய சண்டை எங்கள் கண்காட்சியில் ஒருமுறைகூட வந்ததில்லை.

பிரிவைப் பற்றிய சண்டை மட்டும் ஆண்டுதோறும் வரும். இந்திய ஃபேன்டெயிலுக்குத் தலையில் கொண்டையும் காலில் இறகும் உண்டு. இங்கிலீஷ் ஃபேன்டெயிலுக்கு இரண்டும் இல்லை, அது தலையைப் பின்னுக்குச் சாய்த்து வால்மெத்தையில் வைத்தபடி நிற்கும். இரண்டையும் கலந்து எடுத்த குஞ்சு பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கென்று ஒரு பிரிவு கிடையாது என்பதை அதன் உரிமையாளரிடம் சொல்வது எளிதான வேலையல்ல. அதனால்தான், நடுவர் மதிப்பெண் போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது, முதல் மூன்று இடங்களுக்கும் கூண்டின் முன்னால் நின்று வாய்விட்டுக் காரணம் சொல்ல வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தோம். காரணம் கேட்டுத் தோற்றவர் அடுத்த ஆண்டு அந்தக் குறையைச் சரிசெய்த பறவையோடு வருவார்; காரணம் கேட்காமல் தோற்றவர் வருவதில்லை.

இவ்வளவும் சரியாக நடந்த ஓர் ஆண்டில்தான் நான் பெரிய தவறு செய்தேன்.

மூக்கி என்பது நம் நாட்டுப் புறா வகை. தலையின் மேற்பாதியும் ஒவ்வொரு சிறகின் கடைசி இரண்டு இறகுகளும் வெள்ளையாகவும், மற்ற இடமெல்லாம் ஒரே நிறமாகவும் இருக்கும். அதன் தனிச்சிறப்பே கழுத்தாட்டம்தான். நிற்கும்போது கழுத்து விடாமல் சிறு அதிர்வாக ஆடிக்கொண்டிருக்கும்; பவுட்டருக்கு ஊதலைப் பார்ப்பது போல மூக்கிக்கு நடுவர் அந்த ஆட்டத்தைத்தான் பார்ப்பார். அன்று காலை வாசலில் பறவைகளைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது ஒரு கறுப்பு மூக்கி வந்தது. வளைய எண்ணைப் பார்த்தேன், ஆட்டத்தைப் பார்த்தேன், நல்ல ஆட்டம் என்று உரிமையாளரிடம் சொல்லவும் செய்தேன். மதியத்துக்கு மேல், தண்ணீர்க் கிண்ணங்களை நிரப்பிக்கொண்டிருந்த பள்ளி மாணவன் ஒருவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “அண்ணாச்சி, இத வந்து பாருங்க. கம்ப கொத்துது, ஆனா வாயில ஒண்ணும் வரமாட்டேங்கு.”

போய் நின்றேன். அந்த மூக்கி கிண்ணத்திலிருந்த கம்பைக் குறிபார்த்துக் கொத்தியது. அலகு தானியத்துக்கு ஒரு விரற்கடை தள்ளித் தகரத்தில் பட்டது. மறுபடி கொத்தியது, மறுபடியும் தப்பியது. மூன்றாம் முறை தலை மெல்லத் தோளை நோக்கித் திரும்பி, கண் மேலே பார்த்தபடி நின்றுவிட்டது. கூண்டின் அடியில் எச்சம் கெட்டியாக இல்லாமல் தண்ணீராகப் பரவியிருந்தது. மூக்கியின் இயல்பான ஆட்டம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அது கொத்தும் தானியம் தப்பாது. நான் காலையில் பாராட்டியது ஆட்டத்தையல்ல, நோயை.

இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றபோது, அது பாராமிக்ஸோ வைரஸ் என்றார்கள். கோழிகளில் வெள்ளைக் கழிச்சலை உண்டாக்கும் வைரஸின் நெருங்கிய உறவு அது. எச்சத்தாலும் தண்ணீராலும் பரவுவது. வந்தபின் நேரடி மருந்து இல்லாதது. அடுத்த மூன்று வாரங்களில் ஆறு வீடுகளிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஒரே வாளியிலிருந்து ஒரே குவளையால் எல்லாக் கிண்ணங்களுக்கும் தண்ணீர் ஊற்றும்படி ஏற்பாடு செய்தவனும் நான்தான். சில பறவைகளைக் கையால் ஊட்டி ஊட்டிக் காப்பாற்றினார்கள், சில போய்விட்டன. ஒருவரும் என்னிடம் கடிந்து பேசவில்லை. பேட்டையில் ஒரு வீட்டில், கழுத்து முறுக்கிய ஜாக்கோபினைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஊறவைத்த பாசிப்பயற்றை ஒவ்வொன்றாக அதன் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் நான் என்ன சொன்னேன் என்பதுகூட இப்போது நினைவில்லை.

அதற்கடுத்த ஆண்டு முதல், பரிசுக் கோப்பைகளுக்கு ஒதுக்கிய பணத்தை வாசலுக்குத் திருப்பினோம். தடுப்பூசி போட்டு மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒவ்வொரு பறவையையும் வெளிச்சத்தில் நிறுத்தி அலகைத் திறந்து தொண்டையில் மஞ்சள் படிவு இருக்கிறதா என்று பார்ப்போம்; மார்பெலும்பைத் தடவி உடல் மெலிந்திருக்கிறதா என்று அறிவோம்; சிறகை விரித்துப் பேன் தேடுவோம்; கடைசியாக ஒரு கிண்ணத்தில் கம்பை வைத்து அது கொத்தித் தின்னும்வரை காத்திருப்போம். இதற்கு நேரம் பிடிக்கும். முதலாண்டு தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனையோலைக் கடகத்தில் துணி கட்டிப் பறவைகளைக் கொண்டுவந்த பெரியவர் ஒருவர், “இருவத்தஞ்சு வருசமா புறா வளக்கேன், என் புறாவ வாயத் தொறந்து பாக்கப் போறியோ தம்பி?” என்று கேட்டுவிட்டுக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். அவர் போனது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்த விதியில் ஒருவருக்குத் தளர்வு காட்டினால் அன்றைக்கே அது விதியாக இல்லாமல் போய்விடும் என்று இன்றும் நம்புகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி வந்தபோது, ஆற்றை ஒட்டிய பகுதிகளில் இருந்த உறுப்பினர்கள் பறவைகளை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீர் வடிந்தபின் மேட்டுப் பகுதியில் இருந்தவர்கள் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த நெருக்கடியிலும் யாரும் வந்த பறவையைத் தம் கூட்டுக்குள் விடவில்லை. கண்காட்சிக் கூண்டுகளை வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பித் தனியே மூன்று வாரம் வைத்தார்கள்; ஒவ்வொரு வீட்டிலும் தனிக் கிண்ணம், தனிக் குவளை. அந்தத் தையில் கண்காட்சி நடக்கவில்லை.

இந்த ஆண்டுக்கான ஞாயிற்றுக்கிழமை கிடைத்துவிட்டது. கூண்டுகளைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறோம். வெள்ளை ஃபேன்டெயில் வைத்திருப்பவர்கள் மூன்று நாளுக்கு முன்பே குளிப்பாட்டிவிடுங்கள். அப்போதுதான் இறகில் இயல்பாகப் படியும் மாவுத்தூள் திரும்பி வந்து பளபளப்பு நிற்கும். அன்று சட்டையை இழுத்த மாணவன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். வாசல் மேசை அவனுடையது. நான் அவனுக்குப் பக்கத்தில் நோட்டோடு இருப்பேன். கடகத்தோடு திரும்பிப் போன பெரியவர் சென்ற வாரம் அழைத்து, கம்பு நாங்கள் வைப்போமா, அவரே கொண்டுவர வேண்டுமா என்று கேட்டார்.